வெளிச்சத்தை மறைத்தவர்

அந்த வீட்டில் அதிகம் புழங்கிய வாக்கியம், "தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்பதுதான். சொல்கிறவள் மனைவி. தள்ளி நிற்கிறவர் கணவர். எங்கே நின்றாலும் அவர்தான் வெளிச்சத்தை மறைப்பார் என்பது அந்த வீட்டில் முடிவான விஷயம். அவர் இடதுபுறம் நின்றால் ஜன்னல் மறையும். வலதுபுறம் நின்றால் விளக்கு மறையும். பின்னால் போய் நின்றால், "முதுகுல மூச்சு விடாதீங்க" என்பாள்.

அவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். தெருவில் லிப்ட்காரர் என்றால் தெரியும். அவள் வீட்டின் முன்னறையிலேயே ஆல்ட்ரேஷன் கடை வைத்திருந்தாள். புதுத் துணி தைப்பதில்லை. கடையில் வாங்கிய பேன்ட்டுக்குக் கால் குறைப்பது, இடுப்பு பிரிப்பது, கை சுருக்குவது, ஜிப் மாற்றுவது. எல்லாருக்கும் அவள் ஆல்ட்ரேஷன் அக்கா. கணவரின் பெல்ட்டுக்குச் சற்று மேலே அவள் தலை வரும். பிறவியிலேயே எலும்பு அப்படி. கை கால் குட்டை, உடம்பு பீப்பாய் போல, கழுத்து இருக்கிற இடம் தெரியாது. நடக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும்.

மற்ற தையல்காரர்கள் பேன்ட்டுக்கு அளவெடுக்க முட்டி போட வேண்டும். அவள் கொஞ்சம் குனிந்தாலே போதும், குண்டூசி குத்தி முடித்துவிடுவாள். வாய் மட்டும் யாருக்கும் எட்டாத உயரம். தொப்பையை எக்கிக்கொண்டு நிற்கிறவரிடம், "மூச்ச விடுங்க சார். அளவெடுக்கிற வரைக்கும்தான் அது உள்ள இருக்கும். அப்புறம் பட்டன் தெறிச்சா என் கண்ணுலதான் வந்து விழும். எனக்கு இருக்கிறதே ஒண்ணு" என்பாள்.

சொல்கிற தோரணையில் வந்தவர் சிரித்துவிடுவார். ஆனால் அது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. அவளுக்கு இருந்தது ஒரு கண்தான்.

வலது கண் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது அந்தப் பக்கம் கறுப்புத் துணி தொங்கவிட்டது போல இருந்ததாம். வீட்டில் சொன்னபோது, "ராத்திரி பகலா ஊசிக் காதையே பார்த்தா போகாம என்ன பண்ணும்" என்றார்கள். அவளுடைய அப்பாவும் அவளைப் போலவே குட்டையானவர்தான். நாற்பது வயதுக்குள் இரண்டு கண்ணும் போய், சுவரைத் தடவிக்கொண்டு வாழ்ந்தவர். வெல்டிங் வேலை பார்த்தார், பொறி பட்டுப் போய்விட்டது என்று ஊரே முடிவுகட்டியது. குள்ளம் குள்ளத்தோடு இருந்தது. கண் கண்ணோடு இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் யாரும் பேசவில்லை.

அவர்கள் சந்தித்ததே ஒரு லிப்ட்டுக்குள்தான். அவள் அப்போது ஒரு பல மாடிக் கட்டிடத்தின் உச்சியில் இருந்த சட்டைக் கம்பெனியில் வேலை செய்தாள். லிப்ட் பொத்தான்களில் அவளுக்கு எட்டியது இரண்டாவது மாடி வரைதான். மிச்சத்துக்கு மர ஸ்கேல் ஒன்றைக் கையோடு வைத்திருந்தாள். அன்றைக்கு ஸ்கேலை மறந்துவிட்டு வந்திருந்தாள். உள்ளே லிப்ட்காரர் ஏணி மேல் நின்று ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொத்தான வச்சவன் யாருங்க? அவனுக்கு வானத்துல என்ன வேலை?"

"நான் வைக்கலங்க. ரிப்பேர் மட்டும்தான் நான்."

"அப்ப ரிப்பேர் பண்ணுங்க. இது ரிப்பேர்தான்."

அடுத்த வாரமே கீழே இன்னொரு பொத்தான் பலகையை யாரையும் கேட்காமல் மாட்டிவிட்டு, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் பெண் கேட்ட லட்சணம் அதுதான். பிறகு வீட்டிலும் அதையே செய்தார். சுவிட்சு, கண்ணாடி, குழாய், தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் இறக்கினார். விருந்தாளிகள் முதுகை வளைத்துத்தான் மின்விசிறி போட வேண்டும். தையல் மிஷின் மேசையின் கால்களை அறுத்தார். ஒரு மகள் பிறந்தாள். பிறந்த அன்றே தெரிந்துவிட்டது, அம்மா போலத்தான். அவளுக்குப் பொத்தான் என்று பெயர் நிலைத்தது.

அந்த ஒற்றை இடது கண்ணுக்கு முன்னால் பாட்டிலின் அடிப்பாகம் போல ஒரு கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டு ஊசியை மூக்கின் மேல் வைத்துக்கொண்டால், ஊசிக் காது அவளுக்கு வாசல் கதவு போலத் தெரியும். நூல் கோக்கத் தடுமாறுகிற பக்கத்து வீட்டுக்காரிகளெல்லாம் ஊசியை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். வீட்டின் பாதிச் செலவு அந்தக் கண்ணில் நடந்தது. மகளின் பள்ளிக்கூடப் பாடம் அந்தக் கண்ணில் நடந்தது. அவர் தலைமுடியில் நரைத்த இடங்கள் எவை என்று அடிக்கடி அறிவித்ததும் அந்தக் கண்தான்.

வருடத்துக்கு ஒரு முறை கண்ணாடி மாற்றப் போவார்கள். எழுத்துப் பலகை, பவர் எல்லாம் பார்ப்பார்கள். கடைசியில் தாடையை வைத்துக்கொண்டு உள்ளே பார்க்கிற அந்த மிஷின் வரும். அங்கேதான் தகராறு. நாற்காலி அதற்கு மேல் ஏறாது. மேசை அதற்குக் கீழ் இறங்காது. நின்றால் உயரம் சரியாக வராது. எம்பி, கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கொடுக்கலாம் என்றால் எலும்பு டாக்டர் அதைக் கண்டிப்பாகக் கூடாது என்றிருக்கிறார். மேல் கழுத்து எலும்பு சின்னது, தளர்ந்தது, மடங்கினால் ஆபத்து. ஆக, உதவியாளர் கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேசையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பார்.

அடுத்த தடவையும் அதேதான். அதற்கடுத்த தடவையும்.

உண்மையைச் சொன்னால் அவர்களும் அதற்காகச் சண்டை போடவில்லை. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் சொட்டு மருந்து விடுவார்கள், அரை நாள் எல்லாம் புகையாகத் தெரியும், தைக்க முடியாது. 'அடுத்த தடவை' என்றதும் அவள் முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொள்வாள்.

பொத்தான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், எல்லாம் கொசுவில் ஆரம்பித்தது. ஒரு மழைக்கால வாரம். தைத்துக்கொண்டே அவள் காற்றில் கையை வீசினாள். "ஒரே கொசு. கண்ணு முன்னாடியே பறக்குது." அவர் கொசுவர்த்தி வாங்கி வந்தார். அது போதாதென்று ஜன்னலுக்கு வலை அடித்தார். அவருக்கு ஒரு கொசுவும் தெரியவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும், உங்க உயரத்துல அதுங்க பறக்காது" என்றாள். அவர் அதையும் நம்பினார்.

அடுத்து வயரிங்கில் கை வைத்தாள்.

"அந்த மூலையில மின்னுது."

"எந்த மூலையில?"

"சுவிட்ச் போர்டு பக்கம். பளிச் பளிச்சுனு. என்ன வயரிங் பண்ணீங்களோ."

அவருக்குச் சுருக்கென்றது. தினமும் எத்தனையோ மாடி ஏறி இறங்கும் மனிதர்களின் உயிர் அவர் இழுத்த கம்பியில் தொங்குகிறது. சொந்த வீட்டில் வயரிங் சரியில்லையாம். போர்டைக் கழற்றினார், பார்த்தார், மாட்டினார். ஒன்றுமில்லை. "இப்ப மின்னுதா?" என்றார். "இப்ப இல்ல. நீங்க அந்தப் பக்கம் போனதும் மின்னும்" என்றாள். அன்றைக்கு அவர் சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு வெளிச்சம். "பல்பு மங்கிடுச்சு" என்றாள். மாற்றினார். "அந்த அலமாரி மேல இருந்து மறைக்குது" என்றாள். அவள் தலைக்கு மேலே நூல்கண்டு அடுக்கிவைக்கும் அலமாரி. பல வருடமாக அங்கேயே இருப்பது. அதைப் பெயர்த்து எதிர்ச்சுவரில் அடித்தார். மறுநாள், "இன்னும் மறைக்குது" என்றாள்.

"என்ன மறைக்குது? அலமாரியே இல்லயே!"

"அப்ப நீங்கதான். தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். அவள் உயரத்தில் வாழ்கிறவர்களுக்கு உலகம் என்பது தலைக்கு மேலே தொங்குகிற சாமான்களால் ஆனது. கவுன்ட்டர் விளிம்பு, பாதி இறக்கிய ஷட்டர், பஸ்ஸில் மற்றவர்களின் முழங்கை, தோள்பை, ஈரக்குடை. வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வரும், நடுவில் எப்போதும் யாராவது நிற்பார்கள். பிறந்ததிலிருந்து அதைத் திட்டி விலக்கித்தான் அவள் வழி கண்டிருக்கிறாள். ஆகவே மேலே இருட்டாக இருந்தால் அவளுக்கு அதில் கேள்வியே இல்லை. யாரோ நிற்கிறார்கள். தள்ளச் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தவர்களும் அதில் வித்தியாசமாக எதையும் காணவில்லை. பொத்தான் தள்ளினாள். கால் குறைக்க வந்த வாடிக்கையாளர்கள் தள்ளினார்கள். தபால்காரர்கூட வாசலில் நின்றபடி ஒரு அடி நகர்ந்துகொண்டார்.

கடைசியில் அவர் பொறுமை போய்விட்டது.

"என்னாலதான் சூரியனே வரல போலருக்கு. ஒண்ணு செய்யேன், எனக்கும் கால குறைச்சு தைச்சு விட்டுடு."

"செய்வேன். துணி மிச்சமாகும்."

"ஒரு மனுஷன் வீட்டுல எங்கதான் நிக்கிறது?"

"மத்தவங்களுக்கு மறைக்காத இடத்துல."

அது ஒரு சனிக்கிழமை. பொத்தானுக்கு அன்றும் பள்ளிக்கூடம். மத்தியானம் அவர் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். முன்னறையில் மிஷின் ஓடுகிற சத்தம். நின்றது. ஓடியது. மறுபடி நின்றது.

"என்னங்க, தள்ளுங்களேன். விரல்ல தைச்சுக்கப் போறேன்."

"நான் இங்க டீ போட்டுட்டு இருக்கேன்."

"பொத்தான், நீயாடி?"

"அவ ஸ்கூல்ல இருக்கா."

அதற்குப் பதில் வரவில்லை. இத்தனை வருடத்தில் அவளிடமிருந்து பதில் வராமல் போனது அவருக்கு நினைவில்லை. வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே வந்தார். அவள் மிஷின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை நெற்றிக்கு மேலே, காற்றில் எதையோ தொட்டுப் பார்ப்பது போல நின்றது.

"இங்க யாரு நிக்கிறா?"

"யாருமில்ல."

அவள் தலையை மெதுவாக இடதுபுறம் திருப்பினாள். வலதுபுறம் திருப்பினாள்.

"நான் திரும்பினா அவனும் கூடவே திரும்புறான்ங்க."

வடிகட்டியிலிருந்து டீ தரையில் சொட்டியது. அவருக்கு அழுகையோ பயமோ வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். கொசுவர்த்தி மேல், வலை மேல், அலமாரி மேல், போர்டைக் கழற்றி மாட்டிவிட்டு முறுக்கிக்கொண்டு சாப்பிட்ட தன் மேல்.

"எப்பலேர்ந்து?"

"பல்பு மாத்தினீங்களே, அதுக்கும் முன்னாடி."

ஆஸ்பத்திரி வரவேற்பில் கண்ணாடித் தடுப்பும் அதில் பேசுவதற்கு ஒரு ஓட்டையும் இருந்தன. ஓட்டை அவள் தலைக்கு வெகு மேலே. உள்ளே இருந்தவருக்கு லிப்ட்காரர் மட்டும்தான் தெரிந்தார்.

"பேஷன்ட் எங்க சார்?"

"இங்கதான். கீழ பாருங்க."

அவர் எழுந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகத்தில் ஒரு தெளிவு. "எலும்புதானே? அடுத்த கட்டிடம்."

"கண்ணுங்க. கண்ணு தெரியல."

"கண்ணுன்னாலும் இவங்களுக்கு மொதல்ல எலும்புல காட்டிட்டுதான் போகணும்" என்று சீட்டை அடித்து நீட்டினார். எங்கிருந்து அந்தச் சட்டம் வந்தது என்று கேட்பதற்குள், பின்னால் நின்றவர்கள் முதுகில் இடித்தார்கள்.

எலும்புப் பிரிவில் சின்ன டாக்டர் ஒருவர் அவளைப் பார்த்ததும் நண்பர்களைக் கூப்பிட்டார். நாலைந்து பேர் வந்து சுற்றி நின்றார்கள். இடுப்பின் வளைவைச் சுட்டிக்காட்டித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதிகம் காணக் கிடைக்காத கேஸ் என்று அவர்களுக்கு உற்சாகம். "கொஞ்சம் நடந்து காட்டுங்கம்மா" என்றார்கள்.

"நடக்கறேன். ஆனா எதிர்ல இருக்கிற கதவு எனக்குப் பாதிதான் தெரியுது. மேல் பாதி இல்ல."

"சரி, இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்."

அவ்வளவுதான். அவள் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள்.

"தம்பி, என் இடுப்பு நாப்பது வருஷமா இங்கயேதான் இருக்கு, எங்கயும் போகல. நாளைக்கும் இருக்கும். கண்ணுதான் இப்ப போயிட்டிருக்கு. நீங்க பாத்துட்டு இருக்கும்போதே போயிட்டிருக்கு."

சின்ன டாக்டர் நல்ல பையன்தான். காது சிவந்துபோய், தானே கண் பிரிவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்.

அங்கே சொட்டு மருந்து விட்டார்கள். மறுபடியும் அந்த மிஷின். தாடை வைக்கிற தட்டு. உதவியாளர் நாற்காலியை முழுக்க ஏற்றினார். மேசையை முழுக்க இறக்கினார். இரண்டு தலையணை வைத்தார்கள். அதற்கு மேல் லிப்ட்காரர், எப்போதும் கையோடு இருக்கும் தன் டூல்பாக்ஸை வைத்தார். அதன் மேல் அவள். கால் அந்தரத்தில் தொங்கியது, மடங்காத இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது, டூல்பாக்ஸுக்குள் ஸ்பேனர்கள் உருண்டன. தாடை தட்டுக்கு வந்தது, ஆனால் நெற்றி பட்டையில் படவில்லை.

"இன்னும் கொஞ்சம் கழுத்த நீட்டுங்கம்மா."

"கழுத்து இருந்தா நீட்டமாட்டேனா?"

உதவியாளர் பெருமூச்சு விட்டார். அடுத்து என்ன வரும் என்று இருவருக்கும் தெரியும். வந்தது. "பரவால்ல, இன்னைக்குக் கூட்டமா வேற இருக்கு. அடுத்த தடவ..."

லிப்ட்காரர் அதிர்ந்து பேசுகிற மனிதரே இல்லை. நடுமாடியில் லிப்ட் நின்று உள்ளே நாலு பேர் அலறும்போதுகூட நிதானமாகக் கதவைத் திறக்கிறவர். அவர் போய் அந்த அறைக் கதவின் குறுக்கே நின்றுகொண்டார்.

"அடுத்த தடவ கிடையாது."

"சார், வழிய மறைக்காதீங்க."

"மறைப்பேன். வீட்டுல இத்தன நாளா அந்தப் பேர்தான் வாங்கிட்டு இருக்கேன். இங்கயும் வாங்கிக்கறேன். உள்ள பாக்காம யாரும் வெளிய போக முடியாது."

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து பெரிய டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, அவருக்கும் அன்றைக்கு எதுவும் சரியாக நடந்திருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. டூல்பாக்ஸ் மேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார்.

"யாரு இவங்கள அங்க ஏத்தினது? எறக்குங்க. தாடை எட்டலன்னா கட்டில்ல படுக்க வைங்க. தலையில லைட்டு மாட்டிக்கிட்டு பாத்துட்டா போச்சு."



"படுத்துக்கிட்டே பாக்கலாமா?" என்றாள் அவள்.

"பாக்கலாமே."

"இது புதுசா வந்ததாம்மா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தது."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அத்தனை வருடத்து 'அடுத்த தடவை'களும் வரிசையாக வந்து அந்த அறையில் நின்றன. ஒரு கட்டிலும் ஒரு விளக்கும். இவ்வளவுதான் விஷயம். பக்கத்து அறையிலேயே இருந்திருக்கிறது. கேட்கத் தோன்றவில்லை, சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எறக்குங்க என்னை, மொதல்ல."

டாக்டர் வெகு நேரம் பார்த்தார். லென்ஸைக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு விளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்து, அவள் முகத்துக்கு நேராக வரும்படி உட்கார்ந்து பேசினார். கண்ணுக்குள் சுவரொட்டி போல ஒட்டியிருக்கிற திரை கீழ்ப்பக்கம் கிழிந்து, உரிந்துகொண்டு வருகிறது. கண்ணுக்குள் படம் தலைகீழாகத்தான் விழும். அதனால் கீழே உரிந்தால் மேலே இருட்டும். கொசு, மின்னல் எல்லாம் அதன் முன்னறிவிப்பு. நடுப்பகுதி இன்னும் உரியவில்லை. அது உரிந்துவிட்டால் ஒட்ட வைத்தாலும் பழைய பார்வை வராது. உடனே ஆபரேஷன்.

"வலது கண்ணும் இப்படித்தான் போயிருக்கணும்" என்றார். "குடும்பத்துல வேற யாருக்காவது கண்ணு போயிருக்கா?"

"அப்பாவுக்கு. வெல்டிங் பொறி பட்டு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"பொறி இல்லம்மா. எலும்பு முனையில குருத்தெலும்பு இருக்கில்ல, அதுக்குள்ள இருக்கிற சரக்கும், கண்ணுக்குள்ள இருக்கிற கூழுக்குள்ள இருக்கிற சரக்கும் ஒண்ணுதான். உங்க குடும்பத்துல அந்தச் சரக்கு பிறவியிலேயே கொஞ்சம் பலவீனம். எலும்பு வளராததும் அதனாலதான். கண்ணு நீளமாகி, கூழு சுருங்கி, திரையைப் பிச்சு இழுக்கிறதும் அதனாலதான். ரெண்டு வியாதி இல்ல. ஒண்ணுதான்."

அவள் அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள்.

"ஒரே நூலு. மட்டமான நூலு. இடுப்புல விட்டுப்போச்சுன்னா காலர்லயும் விட்டுப்போகும். இத சொல்றதுக்கா டாக்டரம்மா இத்தன பேரு, இத்தன வருஷம்? எலும்புக்காரர் கழுத்துக்கு மேல பாக்கமாட்டார், கண்ணுக்காரர் கழுத்துக்குக் கீழ பாக்கமாட்டார். எனக்கோ கழுத்தே கெடையாது."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பி, "குழந்தைங்க இருக்காங்களா?" என்றார்.

"ஒரு பொண்ணு."

"உயரம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். "அம்மா மாதிரி" என்றாள் அவள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

கழுத்தைக் காரணம் காட்டி மயக்க மருந்து கொடுக்கிறவர் கையை விரித்தார். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, விழித்திருக்கும்போதே செய்தார்கள். உள்ளேயிருந்து அவள் பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் டாக்டரின் குரல்: "பேசினா தலை ஆடுதும்மா. கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்." வெளியில் உட்கார்ந்திருந்த லிப்ட்காரருக்கு, அந்த டாக்டர் மேல் பெரிய அனுதாபம் ஏற்பட்டது.

திரையை அழுத்தி வைக்கக் கண்ணுக்குள் எண்ணெய் விட்டிருந்தார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவள் முதலில் சொன்னது அதைத்தான். "நீங்க லிப்ட்டுக்கு எண்ணெய் விடுறீங்க. நான் மிஷினுக்கு விடுறேன். இப்ப எனக்கே விட்டுட்டாங்க. இனிமே சத்தம் வராம ஓடுவேன்."

சத்தம் வராமல் அவள் ஓடவில்லை. ஒருக்களித்தே படுக்க வேண்டும் என்றார்கள், அதற்குத் திட்டினாள். எண்ணெய் விட்டதில் பவர் மாறி, கண்ணாடியைக் கழற்றினாலும் ஊசிக் காது தெரியவில்லை, அதற்குத் திட்டினாள். நூல் கோக்க முதல் தடவையாகப் பக்கத்து வீட்டுக்குப் போக நேர்ந்ததை அவளால் தாங்கவே முடியவில்லை. ஆனால் கட்டுப் பிரித்த அன்று, கட்டிலுக்கு எதிரே நின்ற கணவரைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். நடுவில் ஓட்டை இல்லை. மேலே ஒரு ஓரம் மட்டும் சாயம்போன துணி போல மங்கல்.

"ஷேவ் பண்ணாம வந்திருக்கீங்க" என்றாள்.

அவர் வெளியே போய் நடையில் நின்று அழுதார்.

பொத்தானின் கண்களில் கிழிசல் இல்லை. ஆனால் விளிம்புகளில் மெலிந்த இடங்கள் இருந்தன. கிழிவதற்கு முன்பே லேசரால் சுற்றிப் பொட்டுப் பொட்டாக ஒட்டிவிட்டார்கள். "ஓரம் அடிச்சு விட்டிருக்காங்க. பிரியாது" என்று அம்மா மகளுக்கு விளக்கினாள். வருடா வருடம் கட்டிலில் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த வருடத்திலிருந்து, எந்த உதவியாளராவது தாடைத் தட்டைக் காட்டினால் பொத்தான் நேராகப் போய்க் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வாள். இறங்கவே மாட்டாள். பிடிவாதத்திலும் அம்மா போலத்தான்.

வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. யார் "மறைக்குது" என்றாலும் உடனே நகரக் கூடாது. முதலில், நிஜமாகவே யாராவது மறைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இது லிப்ட்காரர் போட்ட சட்டம். அவளுக்கு இது பெரிய தலைவலி. "தள்ளுங்கன்னா தள்ள வேண்டியதுதானே, என்ன ஆராய்ச்சி?" என்பாள். அவர் விளக்கைப் பார்ப்பார், தன் நிழலைப் பார்ப்பார், அது துணியின் மேல் விழுகிறதா என்று பார்ப்பார். விழுந்தால் முகம் மலர்ந்து, "ஆமா, நான்தான்!" என்பார். "ஏதோ பரிசு வாங்கின மாதிரி சொல்றார் பாரு" என்று மகளிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த இடது கண் கடைசிவரை அவளைக் கைவிடவில்லை. காலை வாரியது மூச்சுதான். குறுகின மார்புக் கூட்டுக்குள் நுரையீரலுக்கு இடம் போதவில்லை என்றார்கள். ஒரு சளிக்காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு முந்தின நாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நர்ஸின் சட்டைக் கையில் தையல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்து, கழற்றிக் கொடுக்கச் சொன்னாள்.

மிஷின் முன்னறையில் இருக்கிறது. லிப்ட்காரர் அதைத் தாண்டிப் போகும்போது இப்போதும் சுவரோரமாக ஒதுங்கித்தான் போகிறார். பழக்கம். எங்கே நின்றாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு மனிதன் தன் வீட்டில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது அவ்வளவு எரிச்சலான விஷயம் என்று அவருக்கு முன்பு தெரியாது.

போன மாதம் ஒரு சாயங்காலம், பொத்தான் அந்தக் கால் அறுத்த மேசையில் கல்லூரிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் நின்று மின்விசிறி ரெகுலேட்டரை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மறைக்குது."

அவர் கை நின்றது. ஸ்குரூடிரைவர் கையில் வழுக்கியது. நகரவில்லை. விளக்கைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு, பார்க்கவே பயந்து, அவள் நோட்டைப் பார்த்தார். பக்கத்தின் மேல்பாதியில், இரண்டு காதும் வழுக்கைத் தலையுமாக, அவருடைய நிழல் விழுந்திருந்தது. தலையை ஆட்டினார். அதுவும் ஆடியது. மகள் தலையை ஆட்டவில்லை.

"அப்பா! எவ்ளோ நேரம் ஆராய்ச்சி பண்ணுவீங்க? எழுதணும் நான். தள்ளுங்க!"

"ஆமா, நான்தான்" என்றார் லிப்ட்காரர். சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.